தட்டில் மிஞ்சிய கடைசித் துண்டு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. இரண்டே சொல். ஒரு சக மாணவியின் கட்டுரைக்குக் கீழே நீல மையில் எழுதப்பட்டது: "நல்லா இருக்கு." எழுதியவள் யார் என்பதை நான்காம் பகுதியில் சொல்கிறேன். இப்போதே சொல்லும் துணிச்சல் இருந்தால் கதையே தேவைப்பட்டிருக்காது.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

அமெரிக்காவின் மினசோட்டாவில், வடக்கே, ஏரி உறையத் தொடங்கும் நாட்களில்... (அடித்துவிட்டேன். ஏரிக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை.)

எழுதக் கற்றுக்கொள்வது என்பது ஒரு விதத்தில்... (இப்படித் தொடங்குகிறவள் எதையும் சொல்லப்போவதில்லை. ஆசிரியை ஷெல்பி பார்த்திருந்தால் ஓரத்தில் 'அதனால என்ன?' என்று எழுதியிருப்பாள்.)

மார்லீஸ் கோஸ்கி ஒரு தட்டு எலுமிச்சைக் கேக்கோடு வகுப்புக்குள் வந்தாள்.

இது இருக்கட்டும்.

2

மார்லீஸுக்கு ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பது வருடமாக ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. அவளுக்குச் செவிலியர் படிப்பில் சேர வேண்டும். அதற்கான உடற்கூற்றியலை முடித்துவிட்டாள். பாதி வகுப்பு ஓடிப்போன வேதியியலையும் முடித்துவிட்டாள். முதலாண்டுக் கட்டுரை வகுப்பில் மட்டும் இரண்டு முறை தோற்றிருந்தாள். இது மூன்றாவது முறை. நான்காவது முறைக்கு அந்தக் கல்லூரியின் விதியில் இடமில்லை. தேறுவதற்கு 'சி' தரம் வாங்கினால் போதும்.

ஆசிரியை ஷெல்பிக்கு இருபத்தொன்பது வயது. மூன்று கல்லூரிகளில் பகுதிநேரமாகக் கற்பித்தாள். எந்தக் கல்லூரியிலும் அவளுக்கு ஓர் அறை கிடையாது. அவள் வைத்திருந்த முறை இது: மூன்று மூன்று பேராக உட்கார்ந்து வரைவுகளை மாற்றிப் படிக்க வேண்டும். கவனம் எங்கே நழுவுகிறதோ அங்கே ஓரத்தில் ஒரு கோடு போட வேண்டும். ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும்.

மார்லீஸின் குழுவில் டுவைன் இருந்தான். பனி அள்ளும் வண்டியின் ஓட்டுநர், முதுகு போனதால் படிக்க வந்தவன். மூன்றாவதாக ஹைடி என்று ஒருத்தி.

(ஹைடியைப் பற்றி எழுதும்போது மட்டும் பேனா நகர மறுக்கிறது. முப்பது வயது, பழுப்புக் கம்பளிச் சட்டை, கண்ணாடி... இவளை நான் நம்பவில்லை. தொடர்ந்து பார்ப்போம்.)

மார்லீஸின் கட்டுரை 'மருத்துவமனையில் தூய்மையின் அவசியம்'. முதல் வரி: "இன்றைய நவீன உலகில் தூய்மை என்பது மிகவும் இன்றியமையாததாகும்." ஐந்து பத்தி. முன்னுரை, மூன்று காரணம், முடிவுரை. மடித்து அடுக்கிய படுக்கை விரிப்புகள் போல எல்லாம் ஒரே அளவு. எந்தப் பத்தியிலும் ஒரு மனிதர் இல்லை. 'நான்' என்ற சொல்லும் இல்லை. அந்தச் சொல்லைக் கட்டுரையில் எழுதவே கூடாது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"எப்படி இருக்கு?" என்றாள் மார்லீஸ்.

"பிரமாதம்," என்றான் டுவைன். "ஒரு எழுத்துப்பிழை இல்ல. எனக்கெல்லாம் இப்படி வராது."

"சும்மா சொல்லாதப்பா."

"சத்தியமா. அந்த மூணாவது பத்தி... அதுவும் நல்லா இருந்துச்சு."

ஹைடி தலையை ஆட்டிக்கொண்டே நீல மையில் இரண்டு சொல் எழுதினாள்.

பிறகு மூவரும் கேக் சாப்பிட்டார்கள். கடைசித் துண்டு மிஞ்சியது. அந்த ஊரில் கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை. டுவைன் அதைப் பாதியாக வெட்டி, "எனக்கு இது போதும்" என்று ஒரு பாதியை எடுத்தான். ஹைடி மிச்சத்தைப் பாதியாக்கினாள். மார்லீஸ் கால்வாசியை அரைக்கால் ஆக்கினாள். வகுப்பு முடிந்தபோது தட்டில் விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு அனாதையாகக் கிடந்தது.

* அடிக்குறிப்பு: இதை நாங்கள் மரியாதை என்கிறோம். துணிச்சலின்மை என்று இதற்கு இன்னொரு பெயர் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

3

ஷெல்பி மாணவர்களைத் தனித்தனியாகச் சந்திப்பது வாகன நிறுத்தத்தில், தன் காரில். பின் இருக்கையில் மூன்று கல்லூரிகளின் தாள்கள் மூன்று பெட்டிகளில் இருந்தன. சூடேற்றி கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"இது 'டி'க்குதான் வரும், மார்லீஸ்," என்றாள். "திருத்தி எழுத அஞ்சு வாரம் இருக்கு. ஆனா இப்படியே விட்டா..."

மார்லீஸ் கையுறையைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டாள். "அவங்க ரெண்டு பேரும் நல்லா இருக்குன்னாங்களே."

"ஒரு கோடாவது போட்டாங்களா?"

"இல்ல."

"ஒரு கேள்வி?"

"இல்ல. ஆனா டுவைன் கேக்கு எப்படிப் பண்ணீங்கன்னு கேட்டான்."

ஷெல்பி சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக உடனே மன்னிப்புக் கேட்டாள். அவளும் இந்த ஊர்க்காரிதான்.

4

ஹைடி என்று யாரும் இல்லை. நான்தான்.

கம்பளிச் சட்டை என்னுடையது. நீல மை என்னுடையது. இரண்டாம் பத்தியிலேயே என் மனம் கட்டுரையை விட்டு எழுந்து போய், இரவுச் சமையலுக்கு உருளைக்கிழங்கு இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் ஒரு கோடு போடப் பேனாவை வைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். எடுத்துவிட்டேன். அவள் மனம் நோகக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன் என்று பல வருடம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், நோகடிக்கிறவளாக நான் தெரியக் கூடாது என்பதே காரணம். இரண்டும் வேறு வேறு.

அடுத்த வாரம் மார்லீஸ் கேக் இல்லாமல் வந்தாள். பையை மேசையில் வைத்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் ரொம்ப நல்லவங்க," என்றாள். "போன தடவை குழுவும் நல்லவங்கதான். அதுக்கு முந்தியும் நல்லவங்க. இத்தனை நல்லவங்களால நான் ரெண்டு தடவை ஃபெயில் ஆயாச்சு."

டுவைன் தொப்பியைக் கழற்றினான்.

"நீ படிச்சியா?" என்று என்னிடம் கேட்டாள். "பொய் சொல்லாத."

"ரெண்டாவது பத்தி வரைக்கும்."

"அப்புறம்?"

"உருளைக்கிழங்கைப் பத்தி யோசிச்சேன்."

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு பேனாவை என் பக்கம் தள்ளினாள். "அப்ப உருளைக்கிழங்குன்னு எழுதுடீ அங்க."

எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் உண்மையான விமர்சனம் அதுதான்.

டுவைன் தொண்டையைச் செருமினான். "எனக்கு ஒரு கேள்வி. தூய்மை கீய்மை இருக்கட்டும். உனக்கு எதுக்கு நர்ஸு வேலை? துணி தோய்க்கிறதுல என்ன குறை?"

"அது கட்டுரைல வராது."

"ஏன் வராது?"

"அது பல்லுக் கதை."

(இங்கே நான் நன்றாகவே எழுத ஆசைப்படுகிறேன். ஆனால் அவள் சொன்னதைச் சொன்னபடி வைப்பதே மேல்.)

"விரிப்பெல்லாம் மாடிலேருந்து ஒரு பெரிய குழாய் வழியா கீழ வரும். மிஷின்ல போடுறதுக்கு முன்ன ஒவ்வொண்ணா உதறணும். மோதிரம் வரும், காது மிஷின் வரும். ஒரு நாள் மேல் வரிசைப் பல் செட்டு. பையில போட்டு அனுப்பிடணும், அதான் விதி. பதினோரு நாள் ஆகும் சொந்தக்காரர்கிட்ட போக. பதினோரு நாள் பல்லு இல்லாம என்ன தின்பாரு மனுஷன்? வேலை முடிஞ்சதும் எடுத்துக்கிட்டு மாடி மாடியா ஏறினேன். மூணாவது மாடில ஒருத்தர் ரெண்டு நாளா வாயே திறக்கலையாம். புத்தி கலங்கிருச்சுன்னு மக அழுதுக்கிட்டு இருக்கா. நான் பல்லைக் கொடுத்தேன். சுவர்ப்பக்கம் திரும்பி மாட்டிக்கிட்டாரு. திரும்பி, 'நேத்து சூப் கண்றாவி'ன்னாரு."

டுவைன் மேசையைத் தட்டிச் சிரித்தான். மார்லீஸ் சிரிக்கவில்லை.

"பத்தொன்பது வருஷமா அவங்க விரிப்பைப் பாத்திருக்கேன். அன்னிக்குத்தான் ஆளைப் பாத்தேன்."

டுவைன், "இத எழுதுடி தாயி," என்றான்.

"'நான்'னு வருமே."

"வரட்டும்."

5

ஐந்து வாரத்தில் ஏழு வரைவு. ஒவ்வொன்றிலும் நானும் டுவைனும் கோடு போட்டோம், அவள் திட்டினாள், மறுபடி எழுதினாள். பதிலுக்கு என் கட்டுரையை வாங்கிப் படித்தாள். முதல் பக்கத்தின் நடுவில் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை ஒரே கோடு. கீழே: "இதுல நீ எங்க?"

அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். நன்றி சொல்லவில்லை. அதன் பிறகு நான் எழுதிய எல்லாமே அந்தக் கேள்விக்குச் சொல்லிப் பார்த்த பதில்கள்தாம். இதையும் சேர்த்து. நன்றி, மார்லீஸ்.

இனி முடிவு. இரண்டு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அவளுக்கு 'பி' கிடைக்கிறது, எல்லோரும் கட்டிக்கொள்கிறோம். (என் கவனமே நழுவியது. கோடு.) இன்னொன்றில் நூலிழையில் தவறுகிறாள், ஆனாலும் எதையோ கற்றுக்கொண்டாள் என்று நான் ஆறுதல் சொல்கிறேன். (அந்தப் பழைய இரண்டு சொல்தான் இது. வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது.)

நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கடைசி வகுப்பு. மார்லீஸ் மறுபடியும் எலுமிச்சைக் கேக் கொண்டுவந்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஷெல்பி சொன்னாள்: "மார்க்கை இணையத்துல போட்டுட்டேன். போன்ல பாத்துக்கலாம்."

தட்டில் கடைசித் துண்டு இருந்தது. டுவைன் பழக்கதோஷத்தில் கத்தியை எடுத்தான்.

மார்லீஸ் போனைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். கவிழ்த்து வைத்தாள். டுவைனின் கையிலிருந்து கத்தியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அந்தத் துண்டை முழுசாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். பக்கத்துக் குழுவில் ஒருத்தி மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

"என்ன ஆச்சு? பாஸா?" என்றான் டுவைன்.

வாய் நிறையக் கேக். அவள் ஒரு விரலை உயர்த்தினாள். பொறு என்று.

பொறுத்திருந்தோம். அவள் நிதானமாக மென்றாள்.

நான் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குழுவில் ஹைடியின் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. உட்காருங்கள். பேனா அங்கேயே இருக்கிறது. எந்த இடத்தில் உங்களுக்கு உருளைக்கிழங்கு ஞாபகம் வந்ததோ, அங்கே முதலில் ஒரு கோடு போடுங்கள். பிறகு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். பாதியாக வெட்டாமல்.