மகளின் வாய் அச்சு

பல் டாக்டரின் கிளினிக்கில், பின்னறையில் உட்கார்ந்து பொய்ப்பல் கட்டுவது என் தொழில். மெழுகும் மாவுமாக இருபது வருஷத்தை ஓட்டிவிட்டேன். பல்லும் ஈறும் பதிந்த வாய் அச்சைப் பார்த்தே ஆள் பல் தேய்க்கிறவரா, டிமிக்கி கொடுக்கிறவரா என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர்தான் என் கண்ணை மறைத்தது.

மகளுக்கு எட்டு வயது. சிறுநீரகக் கோளாறால் ரத்த அழுத்தம் ஏறி, ஒரு வருஷமாகத் தினமும் மாத்திரை. இத்தனூண்டு பிள்ளைக்குப் பிரஷரா என்று நாலு பேர் வாயில் விழ வேண்டாமென்று யாரிடமும் நாங்கள் மூச்சு விடவில்லை, பல் டாக்டரிடம்கூட.

போகப்போக அவளுடைய ஈறு தடித்துப் பல்லின் மேல் ஏறியது. தேய்த்தால் ரத்தம். சோம்பேறித்தனம் என்று முடிவுகட்டி, அழ அழ மூன்று வேளை தேய்க்க வைத்தேன். நல்லாத்தான் தேய்க்கிறேன் என்றவளை, பொய் வேறா என்று அதட்டினேன். அதுவும் போதாதென்று அவள் வாயை அச்செடுத்து, படிக்கிற மேசையிலேயே வைத்தேன், பார்த்துப் பார்த்துக் கூசட்டும் என்று. அவள் சிரிப்பதை நிறுத்தினாள். வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து, ஒப்பிட்டுக் காட்டித் திட்டுவதற்காக இன்னொரு அச்சும் எடுத்தேன். பழையதையும் கிளினிக்குக்குக் கொண்டுபோய், இரண்டும் என் பின்னறை மேசையில் இருந்தபோது பல் டாக்டர் உள்ளே வந்தார்.

"யாரு இது? சின்னப் பிள்ளை வாய் மாதிரி இருக்கே. ஏதாவது மருந்து சாப்பிடுதா?"

தெரிந்தவர் பிள்ளை என்று புளுகினேன், பெற்ற மகளை. மாத்திரையின் பெயரையும் சொன்னேன்.

"அது சில பேருக்கு ஈறை இப்படி வளர்த்துடும். பிள்ளை மேல தப்பில்ல. ஆனா அவங்களா மாத்திரையை நிறுத்திடக் கூடாது. எழுதிக் குடுத்த டாக்டரையே பாக்கச் சொல்லுங்க, வேற மாத்தலாமான்னு பாப்பாங்க."

"என் பொண்ணுதான் சார்."

அவர் இரண்டு அச்சையும் என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. வெட்கத்தில் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்குப் போனபோது அவள் குளியலறையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிரஷை வாங்கி வைத்தேன். எல்லாம் மாத்திரையால் வந்தது, நாளைக்கே உன் டாக்டரைப் பார்க்கலாம், அச்சு இரண்டையும் உடைத்துவிட்டேன், தப்பெல்லாம் என்னுடையது என்று கொட்டித் தீர்த்தேன்.

அவள் கையால் வாயை மூடிக்கொண்டே கேட்டாள்.

"அப்போ நான் ஒழுங்காத்தான் தேச்சேனாப்பா?"

"ஆமாம்மா."

"நான் அன்னைக்கே சொன்னேனே."