செபமாலையம்மாளின் சிற்றலை

உடும்பஞ்சோலை செபமாலையம்மாள் ஒரு சாயங்காலம் முப்பத்தொரு மீட்டர் சிற்றலையில் ஒலிபரப்பாகத் தொடங்கினாள். அப்போது அவள் அடுக்களையில் கப்பைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். வாய் மூடித்தான் இருந்தது. குரல் மட்டும் முன்னறையில் இருந்த கணவர் பாஸ்கலின் வானொலியில் வந்தது.

பாஸ்கல் ஏலக்காய் ஸ்டோரில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். உடும்பஞ்சோலை உலக வானொலி நேயர் மன்றத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் அவரே. ஒலி எப்படிக் கேட்டது என்று வெளிநாட்டு நிலையங்களுக்கு எழுதிப்போடுவார். அவர்கள் அனுப்பும் வண்ண அட்டைகளை மாதா படத்துக்கும் மேலே ஒட்டுவார். நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டியபின் வாட்ஸ்அப் குழுவில் 'அந்தக் காலம் வருமா' என்று காலையும் மாலையும் ஒப்பாரி வைத்தார். அந்தக் காலத்தில் மனைவி வாயெடுத்தபோதெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்: "ஷ்... செத்த சும்மா இருட்டி." அப்படி அடக்கிய பேச்செல்லாம் மேலே போய்த் தங்கியிருக்கும்போல, நிலையங்கள் காலிசெய்த இடம் வழியாக இப்போது இறங்கி வந்தது.

"ஏங்க, மேற்கால கூரை ஒழுகுது," என்றது வானொலி. பாஸ்கல் கூரையைப் பார்க்கவில்லை. 'தெளிவு நன்று, இரைச்சல் குறைவு' என்று குறித்துக்கொண்டார். இந்த மனுஷனை என்னவென்று சொல்வது? மறுநாள், "ஏங்க, கம்பத்துல அம்மைக்கு ரொம்ப முடியலையாம். உசுரோட ஒருதடவ பாத்துட்டு வந்துருவமா?" என்று கேட்டது. கடைசியில் அவர்கள் போனது மாமியார் அடக்கத்துக்குத்தான். அந்த வாரம் ஏதோ ஒரு தீவில் எரிமலை புகைந்ததாக வானொலியில் கேட்டது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இவள் கேட்டது நினைவில்லை. வெட்கத்தில் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

பழைய பேச்சு தீர்ந்ததும் நிலையம் புதிதாகப் பேச ஆரம்பித்தது. வீட்டில் அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சோறு ஆகிவிட்டது என்பதைக்கூட அவர் முப்பத்தொரு மீட்டரில்தான் தெரிந்துகொண்டார். "அம்மா, அந்தக் கூரைய மாத்துனாருங்களா?" என்று அதைக் கேட்ட நேயர் ஒருத்தி, நாச்சம்மாள், அகளியிலிருந்து எழுதினாள். கல்பாத்தியிலிருந்தும் அட்டைகள் வந்தன. செபமாலையம்மாள் அவற்றைப் பாஸ்கலின் அட்டைகள்மேலேயே ஒட்டினாள்.

அவள் தன்னிடம் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று பாஸ்கல் ஏங்கினார். அடுக்களை நாலு எட்டில் இருந்தது. அங்கே போய் மன்னிப்புக் கேட்பதை விட்டுவிட்டு, நேயர் முறைப்படி அட்டையில் எழுதி, மன்ற முத்திரை குத்தி, மழையில் நனைந்துபோய்த் தபாலில் சேர்த்தார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வானொலியில் நேயர் கடிதம் நிகழ்ச்சி. "உடும்பஞ்சோலையில இருந்து பாஸ்கல் எழுதியிருக்காரு," என்றது குரல். கிழவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுக்களைக்கு ஓடி, "செபமாலை, அம்மை விசயத்துல நான்..." என்று ஆரம்பித்தார்.

மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. ஈரவிரலை உதட்டில் வைத்தாள்.

"ஷ்... செத்த சும்மா இருங்க. நிகழ்ச்சி போயிட்டிருக்கு."

அந்த மழைக்காலத்தில் அவள் அவரிடம் வாய்திறந்து சொன்னது அது ஒன்றுதான். பாஸ்கல் திரும்பிப்போய் வானொலி முன் உட்கார்ந்தார். ஒலி தெளிவாகவே இருந்தது.