நொண்டிக்குப் புது மோட்டார்

மணல் கூடத்துக்குள் நுழைந்த ஓட்டுநரம்மா மணலைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். மறுபடி மணலைப் பார்த்தாள்.

மணலில் சக்கரத்தடம் அச்சடித்தது போல அழகாகப் பதிந்திருந்தது. அந்த அழகுதான் கோளாறு. வலது முன்சக்கரம் செத்துப்போன வண்டி அது. போகிற இடமெல்லாம் அந்தக் காலை இழுத்து, ஏர் உழுத மாதிரி ஒரு நீளப் பள்ளத்தைக் கீறிக்கொண்டுதான் போக வேண்டும். பள்ளத்தையே காணோம்.

விஷயம் இதுதான். வேற்றுக் கிரகத்தில் ஒரு வண்டி ஓடுகிறது. ஒரு கோடை தாண்டினால் போதும் என்று கணக்குப் போட்டு அனுப்பியது. அப்போது, இங்கிருந்தே அதை ஓட்டும் ஓட்டுநரம்மாவின் மகள் தொட்டிலில் கிடந்தாள். இப்போது அவளுக்குச் சைக்கிளே சிறிதாகிவிட்டது. சக்கர மோட்டார் போன அன்று எல்லாரும் கைகழுவப் பார்த்தார்கள். ஓட்டுநரம்மாதான் கெஞ்சியும் மிரட்டியும் அதை நடக்கவைத்தாள். அன்றிலிருந்து அதற்குப் பெயர் பெரிய நொண்டி. கூடத்தில் நிற்கும் அதன் ஜோடி, சின்ன நொண்டி. மேலே எது கெட்டாலும் கீழேயும் அதையே கெடுத்துவைத்து, எந்தக் கட்டளையையும் முதலில் இங்கே ஓட்டிப் பார்த்த பிறகுதான் அங்கே அனுப்புவார்கள். கடைவாசலில் வைக்கும் மாதிரிச் சரக்கு, மூட்டையில் இருப்பதைவிட ஒருபடி உசத்தியாக இருப்பதுதான் உலக வழக்கம். இங்கே மட்டும் மூட்டையைப் பூச்சி அரித்திருந்தால் மாதிரியையும் அரித்திருக்க வேண்டும்.

காலையில் மாடிக் கண்ணாடி அறையிலிருந்து, திரையில் எண்களை மட்டும் பார்த்தபடி அவள் ஓட்டிய சோதனையில், சின்ன நொண்டி மணல்மேட்டில் குதிரைக்குட்டி மாதிரி ஏறிவிட்டது. குளிர்காலம் வருவதற்குள் பெரிய நொண்டி அதேபோல் ஒரு மேட்டைத் தாண்டி, வெயில் படும் சரிவுக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் மின்சாரமின்றி விறைத்துச் சாகும். சோதனை தேறிய தெம்பில் கட்டளையை வரிசையில் போட்டாகிவிட்டது. சாயங்காலம் ஆண்டெனா அனுப்பிவிடும்.

"யாரு இதைத் தொட்டது?"

துணியில் கை துடைத்தபடி வண்டிக்குப் பின்னாலிருந்து எழுந்தான் பட்டறைக்காரன். அவள் கணவனின் தம்பி. அவளே சொல்லி வேலைக்குச் சேர்த்தவன்.

"நான்தான் அண்ணி. நேத்தே புது மோட்டார் மாட்டிட்டேன். வழுக்கிக்கிட்டுப் போகுது பாத்தீங்களா?"

"உன்னை யாருடா மாட்டச் சொன்னது?"

அவன் முகம் சுண்டியது. "இயக்குநர் சாருதான். மத்தியானம் விருந்தாளிங்க வராங்களாம். நொண்டிக்கிட்டு ஓடினா அசிங்கம்னாரு. எனக்கும் மனசு கேக்கல அண்ணி. கண்ணெதிர ஒரு சக்கரம் செத்துக் கெடந்தா கை சும்மா இருக்குமா?"

"இரக்கம் பொத்துக்கிட்டு வந்துச்சோ? அப்படியே ஸ்பேனரை எடுத்துக்கிட்டு மேல போ. அங்க இதோட அண்ணன் நிக்குது, அதுக்கும் ஒண்ணு மாட்டிட்டு வா. சாப்பாடு கட்டித் தரேன்."

"அவரே உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

"ராத்திரி எதுத்தாப்புல உக்காந்து ரெண்டாந்தடவை சோறு வாங்கினியே, அப்ப வாய்ல என்ன இருந்துச்சு?"

"சோறு," என்றான் அவன்.

அவள் அவனை அடிப்பதற்குள் கதவு திறந்தது. முன்னால் இயக்குநர், பின்னால் பளபளக்கும் காலணிகளோடு விருந்தாளிகள். இல்லாத சரக்குக்கும் முன்பணம் வாங்கிவிடுகிற வாய் இயக்குநருக்கு. அவளைப் பார்த்ததும் ஓரமாக வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஒருநாள் கூத்தும்மா. நாளைக்குக் கழட்டிக்கலாம்."

"சாயங்காலம் அந்தக் கட்டளை போகுது சார். போனா நம்ம வண்டி மணல்ல புதைஞ்சு செத்துடும்."

"அது இவ்வளவு நாள் பிழைச்சதே ஓசி. செத்தாலும் நமக்குக் கெட்ட பேரு வராது. இவங்க பணம் தர மனசு வெச்சா அடுத்த வண்டி. கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு நில்லுங்க."

ஓசி! காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல அதன் சூட்டையும் குளிரையும் தினம் பார்த்துப் பார்த்து, இருக்கிற மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழித்து இழுத்து வந்ததெல்லாம் இந்த மனுஷனுக்கு ஓசி. அவளுக்குக் காது வரைக்கும் எரிந்தது.

"தம்பி, மோட்டாரைக் கழட்டு. சக்கரம் சுத்தாம பழைய பூட்டுக்கம்பியைச் சொருகு."

அவன் இயக்குநரைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். இரவு எந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று யோசித்திருப்பான் போல. குனிந்து கழற்ற ஆரம்பித்தான்.

"உண்மையான வண்டியைத்தானே பாக்க வந்தீங்க?" என்றாள் விருந்தாளிகளிடம். "பாருங்க." கம்பி ஏறியதும், காலையில் ஓட்டிய அதே கட்டளையைத் தட்டினாள்.

பாதி மேட்டில் செத்த சக்கரம் மணலில் குத்தி நின்றது. மற்றவை வெறிபிடித்துச் சுழன்று பளபளத்த காலணிகள் மேல் மணலை வாரியடித்தன. வண்டி வயிறு தரைதட்ட உட்கார்ந்துவிட்டது.

"இதுதான் இன்னிக்கு அங்க நடக்க இருந்தது," என்றவள், சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்துக் கட்டளையை நிறுத்தச் சொன்னாள்.

"என் மானத்தை வாங்கிட்டீங்க," என்று பல்லைக் கடித்தார் இயக்குநர்.

"அதைக் கொண்டுபோய் அந்தச் சக்கரத்துல யாரு சார் மாட்டச் சொன்னது?"

விருந்தாளிகள் போன பிறகு கொழுந்தன் மண்வெட்டியால் வண்டியைத் தோண்டியெடுத்தான். அதைத் திருப்பி நிறுத்தி, செத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே ஏறவைத்துப் பார்த்தார்கள். சறுக்கி, முனகி, ஒருவழியாக மேட்டைத் தாண்டியது. மணலில் அசிங்கமான ஒரு பள்ளம். சாயங்காலம் போனது அந்தக் கட்டளைதான்.

மறுநாள் படம் வந்தது. மேட்டின் மேல் அதே அசிங்கமான பள்ளம்; அது முடிகிற இடத்தில் வெயில். ஓட்டுநரம்மா கழற்றிய புது மோட்டாரை, ஒட்டியிருந்த மணலைக்கூடத் தட்டாமல், இயக்குநரின் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

"கோபம் போச்சா அண்ணி?" என்றான் கொழுந்தன்.

"போகல."

"ராத்திரி சோறு?"

"உண்டு. வாய்ல போடறதுக்கு முன்னாடி, அன்னன்னிக்கு எதெதைத் தொட்டேன்னு சொல்லிட்டுப் போடு."