இரண்டாவது ஆட்டக்காரரின் முறை

பந்தைத் தட்டி ஆடும் பின்பால் மெஷினைப் பழுது பார்ப்பதும் பல் பிடுங்குவதும் ஒன்றுதான் என்று மெக்கானிக் சொல்வதுண்டு. வாயைத் திறந்து பார்த்தால்தான் எது சொத்தை என்று தெரியும். அதனால் அவர் எதற்கும் சட்டென்று பதில் சொல்ல மாட்டார். அவரிடம் போய் விளையாட்டுக்கூடத்தின் முதலாளியம்மா ஒரு திங்கள்கிழமை தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார்.

"புதுசும் வந்ததுல, நிலாவுக்குப் போற ஆட்டம் உள்ள மெஷின் நம்மகிட்ட ரெண்டு ஆயிடுச்சு. ஒண்ணுக்குத்தான் இடம். எது இருக்கணும், எது போகணும்னு நீங்களே ஆடிப் பார்த்து எழுதிக் குடுங்க. வெள்ளிக்கிழமை வண்டி வருது."

"பழசு நல்லாத்தாம்மா ஓடுது."

"ஓடுதான்னு நான் கேக்கல. ஒப்பிட்டு எழுதிக் குடுங்கன்னேன்."

மெக்கானிக்குக் கவலை மெஷினைப் பற்றியதல்ல, மச்சானைப் பற்றியது. மச்சான் என்றால் அவர் மனைவியின் அண்ணன். பதினொரு வருஷம் சனிக்கிழமை மதியம் தவறாமல் வந்து, அந்தப் பழைய மெஷினில் இவரோடு மாறி மாறி ஆடியவர். தோற்றால் மெஷின் கோணலாக நிற்கிறது என்பார். ஜெயித்தால் மாப்பிள்ளையின் கண் கோணல் என்பார். மூன்று வருஷத்துக்கு முன் மெக்கானிக்கின் மனைவி இறந்துபோனாள். காரியமெல்லாம் முடிந்து கிளம்பும்போது, "நான் கூப்பிடறேன் மாப்ள" என்றார் மச்சான். "நீங்க எதுக்கு மச்சான், நானே கூப்பிடறேன்" என்றார் இவர். மரியாதைக்குச் சொன்ன அந்த ஒரு பேச்சால் வந்தது வினை. அவர் கூப்பிடட்டும் என்று இவர் இருந்தார். அங்கேயும் அதே கதையாகத்தான் இருந்திருக்கும். சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் பேச ஒரு வழி இருந்திருக்கும். பழைய மெஷின் இருக்கும்வரை என்றைக்காவது ஒரு சனிக்கிழமை மச்சான் வந்து நிற்பார் என்று ஒரு நினைப்பு. அதுவும் வண்டியேறிப் போய்விட்டால்?

சரி, ஆடிப் பார்த்தார். பழையதில் கண்ணாடியில் வரைந்த ராக்கெட், அதன் ஜன்னலில் மூன்று விண்வெளிக்காரர்கள். ஓவியர் கையில் சிவப்பு மிச்சமிருந்தது போலும், மூவருக்கும் உதட்டுச்சாயம். பந்தைத் தட்டிவிட இரண்டே தட்டிகள். நிலா என்பது நடுவில் ஒரு குழி. பந்து அதில் விழுந்தால் மணி அடித்து, எண் உருளைகள் கடகடவென்று சுற்றி ஐந்நூறு ஏறும். புதியதில் நிலா நிஜமாகவே உருண்டையாகச் சுழல்கிறது, உள்ளே காந்தம். பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, மேலே திரையில் படம் காட்டிவிட்டு, ஆறு பந்துகளாகத் திருப்பித் தருகிறது. பழையதில் நாற்பதாயிரம் எடுத்தவன் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவான். புதியதில் ஒன்றும் செய்யாமல் பந்தைத் தொலைத்தாலே நாலு லட்சம். இந்தத் தாராளம் அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

ஆனாலும் நியாயமான மனுஷர். பழையதில் ஆத்திரத்தில் மெஷினை ஒரு இடி இடித்தால் மொத்த விளக்கும் அணைந்து, ஆட்டம் போச்சு. புதியது இரண்டு தரம் எச்சரித்துவிட்டுத்தான் கோபித்துக்கொள்கிறது. அதைப் புதியதன் பக்கம் எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலைதான் அந்தத் தவறு நடந்தது. தொடங்கும் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் ஓர் ஆள், இரண்டு தடவை அழுத்தினால் இரண்டு ஆட்கள். மச்சானோடு ஆடிய விரலுக்கு இரண்டு தடவைதான் பழக்கம். இந்த மூன்று வருஷமும் பழையதை இரண்டு தடவை அழுத்தி, இரண்டு ஆட்டத்தையும் அவரே ஆடிக்கொண்டிருந்தார். மச்சான் முறை வந்தால் அவரைப் போலவே கொஞ்சம் அவசரப்பட்டு ஆடுவார். அப்போதுதான் ஆட்டம் சரியாக இருக்கும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். பழைய மெஷின் சொல்லவில்லை.

புதியதில் விரல் அதே வேலையைச் செய்துவிட்டது. முதல் பந்து விழுந்ததும் பழைய திருகாணி ஒன்று கண்ணில் பட, அதைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார். அதற்குள் மெஷின் பொறுமையிழந்தது. கூடம் முழுக்கக் கேட்கும்படி ஒரு பெண் குரல், "ரெண்டாவது ஆட்டக்காரரே, உங்க முறை. நிலா காத்திருக்கு" என்றது. அவர் திடுக்கிட்டு நிற்க, மறுபடியும் அதையே சொன்னது. மூன்றாம் தடவை இன்னும் சத்தமாக.

டோக்கன் கொடுக்கும் பெண் எட்டிப் பார்த்தாள். "யாரு சார் ரெண்டாவது ஆளு?"

"யாருமில்லம்மா. பழக்கதோஷம்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. யாருமில்லை என்று வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. பட்டறை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

தாளில் கடைசியாக ஒன்று எழுதினார். இரண்டாவது ஆள் வராவிட்டால் பழையது விளக்கை எரியவிட்டுக்கொண்டு எத்தனை நாளானாலும் சும்மா நிற்கும். புதியது கூப்பிடும். புதியதே இருக்கட்டும்.

எழுதியதைப் படித்தபோது அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. மூன்று வருஷமாக விளக்கை எரியவிட்டுக்கொண்டு நின்றது யார்? போனை எடுத்து, மனம் மாறுவதற்குள் அழுத்தினார்.

"ஹலோ, யாருங்க?"

இளம் பெண் குரல். மச்சான் மனைவியை இழந்தவர். வீட்டில் அவரும் மகனும் மட்டும்தான்.

"அவர் இல்லீங்களா?"

"மாமா குளிச்சிட்டிருக்காங்க. நான் மருமக பேசறேன்."

"கல்யாணம் எப்பம்மா ஆச்சு?"

"அஞ்சு மாசம் ஆச்சுங்க."

சுருக்கென்றது. அந்தப் பையன் பள்ளிக்கூடம் போகும்போதே, அவன் கல்யாணத்தில் தான் முதல் வரிசையில்தான் உட்காருவேன் என்று சொல்லி வைத்திருந்தாள் அவன் அத்தை, இவர் மனைவி. ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லையே.

"நீங்க மாமாவுக்கு என்ன முறை வேணும்?"

"தங்கச்சி புருஷன்."

"மாமாவுக்குத் தங்கச்சி இருக்காங்களா?"

அந்த வீட்டில் அவளைப் பற்றிய பேச்சே இல்லை. கோபம் வரவேண்டிய இடம், வரவில்லை. மச்சானால் சொல்ல முடிந்திருக்காது. இவரைக் கூப்பிட்டிருந்தால் அவளைப் பேசியாக வேண்டும். இவர் கூப்பிடாததும் அதற்காகத்தானே.

"இருந்தாம்மா. மூணு வருஷமாச்சு."

அந்தப் பெண் தனக்குள் முணுமுணுத்துக் கணக்குப் போட்டாள். "மாமாவோட தங்கச்சின்னா எனக்குச் சித்தி. அப்ப நீங்க சித்தப்பா."

மூன்று வருஷமாக எல்லாருக்கும் அவர் மெக்கானிக். போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"சித்தப்பா, இருக்கீங்களா? மாமா வந்துட்டாங்க, குடுக்கறேன்."

அங்கே அவள் ஏதோ சொல்வது கேட்டது. போன் கைமாறியது.

"சாப்பிட்டீங்களா மச்சான்?" என்றார் இவர்.

"இன்னும் இல்ல மாப்ள" என்று பதில் வர வெகுநேரமாயிற்று.