மீன் படம் போட்ட ரகசிய வாக்கு

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். வைத்தவர் மேலாளர். அந்த வாரம் அவள் நிஜமாகவே வெடித்தாள் என்றால் அதற்கும் அந்த மகானுபாவரே காரணம்.

பலர் ஒரே நேரத்தில் இணையத்தில் கூடி எழுதும் வெள்ளைப்பலகையை அந்த நிறுவனம் விற்றது. பலகையில் ஓடக்கூடிய குட்டிக் குட்டி மாதிரிச் செயலிகளை எழுதுவது பட்டாசின் வேலை. வாடிக்கையாளர்கள் அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, வேண்டியதைத் தாங்களே செய்துகொள்வார்கள் என்பது ஏற்பாடு. யார் கற்றுக்கொள்கிறார்கள்? அப்படியே வழித்தெடுத்து ஒட்டிக்கொள்கிறார்கள்.

அவள் எழுதிய ரகசிய வாக்கெடுப்பு மாதிரிச் செயலி அப்படித்தான் அவளுடைய அக்கா வேலை பார்க்கும் கிடங்கு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. புதிய பணிநேரம் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். பெயர் வெளியே வராது என்றார்கள். அக்கா நம்பி, 'இல்லை' என்று பலகையில் சீட்டு ஒட்டினாள். மறுநாளே 'இல்லை' என்றவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து இரவுப் பணிக்குத் தள்ளிவிட்டார்கள். கைக்குழந்தைக்காரி என்றுகூடப் பார்க்கவில்லை.

"என் பேரு எப்படிடி தெரிஞ்சுது அவங்களுக்கு?" என்று அழுதுகொண்டே அக்கா அந்தப் பலகையைப் படம் எடுத்து அனுப்பினாள்.

பட்டாசு அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மூலையில் அவள் அழகுக்காக வரைந்து வைத்த, ஒரு கண் பெரிதாகிப்போன மீன். காப்பியடித்த புண்ணியவான் மீனைக்கூட எடுக்கவில்லை.

அந்த மாதிரிச் செயலியில் பெயர் மறைந்திருக்குமே தவிர அழியாது. சீட்டைச் சொடுக்கி 'விவரம்' என்பதைத் திறந்தால், ஒட்டியவர் பெயர் பல்லை இளிக்கும். 'பழகிப் பார்க்க மட்டும், நிஜ வாக்கெடுப்புக்கு உதவாது' என்று அவள் கொட்டை எழுத்தில் எழுதித்தான் கொடுத்தாள். வாடிக்கையாளர் மிரண்டுவிடுவார் என்று அதை வெட்டிவிட்டு, 'அப்படியே எடுத்துப் பயன்படுத்துங்கள்' என்று போட்டவர் மேலாளர்.

நேரே அவர் அறைக்குப் போனாள்.

"சார், அந்தக் கிடங்குக்கு நாம ஒரு கடிதம் கொடுக்கணும். ரகசியம்னு சொன்னது ரகசியமே இல்ல, தப்பு நம்மளோடதுன்னு. அதை வச்சுத்தான் அக்காவும் மத்தவங்களும் சண்டை போட முடியும்."

"அது வெறும் மாதிரிம்மா. எவனோ எடுத்து ஒட்டினா நான் என்ன பண்றது? அதுவும் இல்லாம, மடியில கனம் இல்லாதவங்க பேரைப் பார்த்தா என்னவாம்?"

என்ன திண்ணக்கம்! கைக்குழந்தையை விட்டுவிட்டு அக்கா ராத்திரி வேலைக்குப் போகிறாள், இந்த மனுஷர் கனத்தைப் பற்றிப் பேசுகிறார். அன்று சாப்பிடக்கூட எழுந்திருக்காமல், வாக்கு விழுந்தவுடனே பெயர் அடியோடு அழிந்துபோகும்படி பட்டாசு மாதிரியை மாற்றினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

வாராந்திரக் கூட்டத்தில் எல்லாரும் அவரவர் கணினியிலிருந்து பலகைக்கு வந்தார்கள். நிறுவனத்தின் தலைவி வீட்டிலிருந்து சேர்ந்துகொண்டார். பட்டாசு ரகசிய வாக்கைத் திறந்து கேள்வியைப் போட்டாள்: 'நாம் சொல்வதை மேலாளர் காதில் வாங்குகிறாரா?'

தலைவி சிரித்தார். "போடுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்."

சீட்டுகள் விழுந்தன. 'இல்லை', 'இல்லை', மறுபடியும் 'இல்லை'. ஒரே ஒரு 'ஆமாம்'. அது யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை.

"நல்லது, நல்லது. மனசுவிட்டுச் சொல்றதுதான் முக்கியம்," என்று மேலாளர் அசடு வழிந்தார்.

ஆனால் அந்தப் பலகையில் யார் சுட்டியை நகர்த்தினாலும், அவர் பெயரைத் தாங்கிய அம்பு எல்லார் திரையிலும் நகரும். தினமும் விற்கிற சரக்கு. ஆத்திரத்தில் அது மேலாளருக்கு மறந்தே போயிற்று. அவர் பெயர் போட்ட அம்பு மெல்ல ஒரு 'இல்லை'யை நோக்கிப் போனது. சீட்டு மின்னியது. 'விவரம்' திறந்தது. வெறுமை. அம்பு அடுத்த சீட்டுக்குத் தாவியது. பிறகு அதற்கடுத்தது. வாக்குப் போட்டவர்கள் முகம் வெளிறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன தேடறீங்க?" என்றார் தலைவி.

அம்பு நின்ற இடத்திலேயே நின்றது.

"எங்க அக்கா ஆபீஸ்லயும் இதைத்தாம்மா தேடினாங்க," என்றாள் பட்டாசு. "அங்க பேரு இருந்துச்சு."

தலைவி நடந்ததையெல்லாம் கேட்டார். மாலைக்குள் கிடங்குக்குக் கடிதம் போனது. அதைத் தன் கைப்பட எழுத வேண்டி வந்தது மேலாளருக்குத்தான்.