சைவ டீசல்

ஹொலண்டிலிருந்து லீவில் வந்திருந்த வித்தியா, தன் வேலையைப் பற்றி அப்பாவுக்குச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருக்கக் கூடாது.

"எண்ணெய் சுத்திகரிக்கிற ஆலை எண்டு தெரியும். அதிலை நீ என்ன செய்யிறாய் பிள்ளை?" என்று கேட்டார் கனகசபாபதி.

"கச்சா எண்ணெயோடை கழிவுக் கொழுப்பையும் சேர்த்து டீசல் ஆக்கிறம் அப்பா. கடையளிலை பொரிச்சு மிஞ்சின எண்ணெய், இறைச்சிக் கொழுப்பு, அதுகள்."

"என்ன இறைச்சி?"

"மாடு, பண்டி, கோழி... வாறதெல்லாம்."

கனகசபாபதி சோற்றிலிருந்து கையை எடுத்தார். புத்தூரில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். பிள்ளையார் கோயில் பரிபாலன சபைத் தலைவர். கேக்கில் முட்டை இருக்கிறதா என்று மணந்தே சொல்லிவிடுவார். கொடியேற்றம் கிட்டிவிட்டது. சுவாமி வீதிவலம் வரும்போது விளக்குகளை எரிப்பது கோயில் ஜெனறேற்றர். அது குடிப்பது டீசல்.

அன்று பின்னேரமே டீசல் கானைத் தூக்கிக்கொண்டு பெற்றோல் செட்டுக்குப் போனார். அங்கே வேலைக்கு நின்றவன் ஜெரோசன்.

"சைவ டீசல் இருக்கோ தம்பி?"

"ஒட்டோ டீசல் இருக்கு ஐயா. சுப்பர் டீசலும் இருக்கு."

"சுப்பர் எண்டால் கொழுப்பில்லாததோ?"

ஜெரோசன் யோசித்தான். "விலைதான் கூட ஐயா."

வெறுங்கானோடு திரும்பியவர் சபையைக் கூட்டினார். வித்தியாவையும் கூப்பிட்டார்கள்.

"இஞ்சை வாற டீசலிலை கொழுப்பு இருக்காது," என்றாள் அவள்.

"நீ கண்டனியோ பிள்ளை?" என்றார் செயலாளர் கேதீஸ்வரன்.

"காணேல்லை."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. டீசல் பீப்பாவுக்குள் மஞ்சள் தண்ணீர் தெளிக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். தண்ணீர் போனால் எஞ்சின் நின்றுவிடும் என்று வித்தியா பதறினாள். கடைசியில் கோபத்தில், "அப்ப நானே மரக்கறி எண்ணெயிலை டீசல் செய்து தாறன்!" என்றாள். சபை அதை ஏகமனதாக நிறைவேற்றியது.

கோயில் ஒலிபெருக்கி ஊரெல்லாம் கேட்க அறிவித்தது: பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் கொண்டு வாருங்கள், மீன், இறைச்சி என்று மச்சம் பொரித்த எண்ணெய் ஏற்கப்படமாட்டாது. கொண்டு வந்த ஒவ்வொருவரும் பிள்ளையார் முன்னால் நின்று என்ன பொரித்தது என்று சொல்ல வேண்டும். வடை என்றார்கள். அப்பளம் என்றார்கள். பக்கத்து வீட்டுப் பத்மாவதி பெரிய கான் நிறையக் கொண்டுவந்து, "வாழைக்காய்," என்றாள். கனகசபாபதி அவளுக்குத் தன் கையாலேயே திருநீறு கொடுத்தார்.

கனகசபாபதியின் பழைய புகையிலைக் கொட்டிலில் வேலை நடந்தது. வித்தியா எண்ணெயை வடித்தாள், சூடாக்கினாள், மெதனோலும் கோஸ்ரிக் சோடாவும் கலந்தாள். அடியில் தடித்து இறங்கியதை அகற்றி, மேலே தெளிந்ததைக் கழுவிக் காயவைத்தாள். ஆலையில் அவள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து திரைகளைப் பார்க்கிறவள். இங்கே முழங்கைவரை எண்ணெய். அவளுக்கு அது பிடித்திருந்தது.

கொடியேறியது. பின்னேரப் பூசை முடிந்து சுவாமி வெளிவீதிக்கு வந்தார். பின்னால் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஜெனறேற்றர் வந்தது. விளக்குகள் பளீரென்று எரிந்தன. கனகசபாபதி மகளைப் பெருமையோடு பார்த்தார்.

அப்போதுதான் அந்த மணம் வந்தது.

"ஆரோ ஒட்டி மீன் பொரிக்கினம்," என்றார் கேதீஸ்வரன். இரண்டு பேர் மதிலுக்கு மேலால் வீடுகளை எட்டிப் பார்த்தார்கள். எந்த அடுப்பும் எரியவில்லை. மணம் ஜெனறேற்றரின் புகைக்குழாயிலிருந்து வந்தது.

முதலில் ஒரு சாம்பல் பூனை வந்தது. பிறகு மதில்களாலும் வேலிகளாலும் பூனைகள் இறங்கின. ஒன்றும் சண்டை பிடிக்கவில்லை. வாலை நிமிர்த்தி, வரிசையாக, ஜெனறேற்றருக்குப் பின்னால் நடந்தன. அது நின்ற இடத்தில் அவையும் இருந்து, அண்ணாந்து பார்த்தன. நாதஸ்வரக்காரருக்குச் சிரிப்பில் மூச்சு வரவில்லை.

கனகசபாபதி திரும்பிச் சனத்தைப் பார்த்தார்.

"வாழைக்காய்க்கு முந்தி ஒருக்கா..." என்று பத்மாவதி இழுத்தாள்.

"எங்கடையிலும் ஒருக்காத்தான்," என்றது இன்னொரு குரல். அப்புறம் ஒவ்வொரு பக்கமாக "ஒருக்காத்தான்" வந்தது. கடைசியாகக் கேதீஸ்வரன் தொண்டையைச் செருமி, "இறால்," என்றார்.

கனகசபாபதி மகளுக்குப் பக்கத்தில் வந்தார்.

"பிள்ளை, உங்கடை ஆலையிலை வாற டீசலும் இப்பிடி மணக்குமோ?"

"மணக்காது அப்பா. ஐதரசன் வாயுவை ஏத்தினால் கொழுப்பு, கொழுப்பாவே இராது. நிலத்துக்குக் கீழை இருந்து வந்தது எது, மாட்டிலை இருந்து வந்தது எது எண்டு பாத்தோ மணந்தோ சொல்லேலாது."

"மாட்டின்ரை குணம் ஒண்டும் மிஞ்சாதோ?"

"இல்லை."

"பேரும் இல்லை, உருவமும் இல்லை."

"ஓம்."

அவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். "அதுக்குப் பேர்தான் முத்தி. நாளைக்குக் கடை டீசலே ஊத்துங்கோ. மாடு இருந்தாலும் அது கரைசேர்ந்த மாடு."

வித்தியாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் இத்தனை வருஷத்தில் அவளுடைய வேலையைப் பற்றி யாரும் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. பூனைகளை மிதிக்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, அவள் அப்பாவோடு சுவாமிக்குப் பின்னால் நடந்தாள்.