பாம்புக் காது

எங்கள் தொழிற்சாலையில் என் முதுகுக்குப் பின்னால் ஒருத்தரும் என்னைப் பற்றிப் பேச மாட்டார்கள். பயம். பாம்புக் காது என்று எனக்குப் பட்டப்பெயரே உண்டு. முதலுதவி அறையில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். விரல் வெட்டிக்கொண்டு வருகிறவர்களுக்குக் கட்டுப் போடுவதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரஸ் ஷெட்டு ஆட்களின் காதைச் சோதிப்பதும்தான் என் வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு பிரஸ்கள் வண்டிக் கதவுக்குத் தகடு அடிக்கின்றன. ஒவ்வொரு அடிக்கும் என் மேசையில் தண்ணீர் டம்ளர் நகரும்.

காது சோதிக்க அறை மூலையில் ஒரு கூண்டு இருக்கிறது. உள்ளே பஞ்சுச் சுவர், முகம் தெரிகிற அளவுக்கு ஒரு கண்ணாடி. உள்ளே போகிறவர் ஹெட்போனை மாட்டிக்கொள்ள வேண்டும். நான் வெளியே பட்டனை அமுக்குவேன். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் தடித்த சத்தங்கள், கடைசியில் கொசு பாடுகிற மாதிரி ஒன்று. இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தக் கொசுச் சத்தம்தான் முதலில் போகும். அதனால் தினமும் காலையில் வந்ததும் ஹெட்போனை நானே மாட்டி அதை மட்டும் கேட்டுப் பார்ப்பேன். கேட்டால் கருவி சரி. பதிவேட்டில் ஒரு டிக்.

அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை முதல் என் தம்பி பெரிய பிரஸ்ஸுக்குப் போக வேண்டும். ஆறு வருடமாகக் காத்திருந்த இடம் அது. அங்கே ஓர் ஆள் தலையை உள்ளே விட்டு, சிக்கிய தகட்டுத் துண்டுகளை எடுக்க வேண்டும். மணி அடிக்கும். அடித்து மூன்று எண்ணுவதற்குள் தலை வெளியே வந்துவிட வேண்டும். அதற்குமேல் அந்தப் பிரஸ் யாருக்காகவும் நிற்காது. நிற்க வைக்கிற தடுப்பு ஒன்று கேட்டு எத்தனையோ தடவை எழுதிப் போட்டாயிற்று; எழுதியதோடு சரி. அந்த மணிதான் காவல். மணி கேட்கும் என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் அவன் போகலாம்.

முதலில் வானொலி வந்தான். ஓயாமல் பேசுகிறவன், அதனால் அந்தப் பெயர். பன்னிரண்டு சத்தம், பன்னிரண்டு தடவை விரல். "பார்த்தீங்களாக்கா, தங்கமான காது!" என்று பீற்றிக்கொண்டு போனான். கீழே விழுந்த பேனா மூடியை எடுக்கக் குனிந்தேன். ஹெட்போனின் பிளக் தரையில் கிடந்தது.

கருவியில் செருகியே இல்லை. அவன் காதுக்கு ஒன்றும் போயிருக்காது.

இதற்குள் தம்பி வந்து கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டான். பிளக்கை நான் செருகவில்லை. பட்டனை அமுக்கினேன். விரல் எழுந்தது. அமுக்கினேன். எழுந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே இல்லாத சத்தத்துக்கெல்லாம் விரல் தூக்கிக்கொண்டிருந்தான், என் கூடப் பிறந்தவன்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். எதிரே மருந்து அலமாரியின் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. அமுக்கினேன். விரல் அசையவில்லை. மறுபடியும் அமுக்கினேன். சிரிப்பு போய்விட்டது, என் முதுகையே முறைத்துப் பார்த்தான். திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் கண் என் வாயின் மேலேயே இருந்தது. பட்டனைத் தொடாமல், தாடையை மட்டும் லேசாக இறக்கினேன்.

விரல் எழுந்தது.

"வெளியே வாடா!" என்று கத்தினேன். வந்தான்.

"எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"திட்டாதே அக்கா. பட்டனை அமுக்கும்போதெல்லாம் உன் தாடை இறங்கும். ஷெட்டுல எல்லாருக்கும் தெரியும். அந்த இரைச்சல்ல நாங்க உதட்டைப் பார்த்துத்தானே பேசிக்கிறோம்? உன் தாடை எம்மாத்திரம்?"

"அடப்பாவிகளா! நாளைக்கு மணி அடிக்கும்போது தாடையை ஆட்ட நான் பிரஸ்ஸுக்குள்ள வந்து உட்காரணுமா? தலை போயிடும்டா!"

"அப்படியெல்லாம் ஆகாது. அந்தக் கொசுச் சத்தம் எனக்கு நிஜமாவே கேட்கும் அக்கா. இப்போகூட கேட்டுச்சு. வீட்ல படுத்தாலும் கேட்குது. அவ்வளவு சன்னமான சத்தமே கேட்குதேன்னு தைரியமாத்தான் இருந்தேன்."

நான் பிளக்கை எடுத்து அவன் முகத்துக்கு நேரே காட்டினேன். அவன் அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். முகம் செத்துப் போயிற்று.

"அப்ப நான் கேட்டது?"

"உன் காதே போடுற சத்தம். காது உள்ளே கெட்டுப்போனா அப்படித்தான் பாடும்."

பிளக்கை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "எப்போ கழண்டுச்சு இது?" என்றான்.

"பெருக்கும்போது மேசையை இழுத்திருப்பாங்க."

"பெருக்குறது சாயங்காலம்தானே? நேத்து பெருக்கினதும் நீதானே பூட்டினே. காலையில நீதானே திறந்தே." நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "காலையில நீ கேட்டுப் பார்க்கலையா?"

"பார்த்தேன்."

"கேட்டுச்சா?"

பதிவேடு மேசையில் திறந்தே இருந்தது. இன்றைய தேதிக்கு நேரே என் கையால் போட்ட டிக். மை பளபளவென்று இருந்தது. பக்கத்தைப் புரட்டினேன். டிக், டிக், டிக். எந்த நாளிலிருந்து நான் கருவியைக் கேட்பதை விட்டுவிட்டு என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்? கடவுளே, எனக்குத் தெரியவே இல்லை. பிரஸ்களுக்குச் சத்தம் அடக்கும் கூடு போடலாமா என்று இரண்டு வருடம் முன்னால் பேச்சு வந்தது. மேனேஜர் இந்தப் பதிவேட்டைத்தான் தூக்கிக் காட்டினார். "எல்லார் காதும் நல்லாத்தானே இருக்கு, எதுக்குத் தண்டம்?" என்றார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

தம்பியின் தாளில் 'தகுதியில்லை' என்று எழுதினேன். அவன் தடுக்கவில்லை. கீழே என் பெயரையும் எழுதினேன். அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். அப்படியே எழுந்து ஷெட்டுக்குள் போனேன். அவனும் பின்னாலேயே வந்தான்.

சுவரில் இருந்த பெரிய சுவிட்சை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தேன். பன்னிரண்டு பிரஸ்களும் ஒவ்வொன்றாக அடங்கின. பெரிய பிரஸ்ஸின் பக்கத்தில் நின்றிருந்த சூப்பர்வைசர் ஓடிவந்து, "உங்களுக்கென்ன பைத்தியமா?" என்றார்.

"மணியை அடிங்க" என்றேன். "பேட்டரி மணிதானே, அடிக்கும். எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு நிக்கும்போது அடிங்க."

என் முகத்தைப் பார்த்து அவர் என்ன நினைத்தாரோ, கையசைத்து எல்லோரையும் மணிக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்துவிட்டுப் போனார். அவர் கட்டைவிரல் பட்டனை அழுத்துவதைப் பார்த்தேன். அழுத்தியபடியே நின்றார். நாற்பது முதுகுகளும் அசையாமல் நின்றன. சேர்ந்து பத்து நாளான புதுப் பெண் மட்டும் வெடுக்கென்று திரும்பினாள். காதைப் பொத்திக்கொண்டாள். அவளைப் பார்த்துத்தான் மணி அடிக்கிறது என்று எனக்கே தெரிந்தது.

சூப்பர்வைசரைக் கையை எடுக்கச் சொன்னேன். எல்லோரையும் என் பக்கம் திரும்பச் சொன்னேன். வெளிச்சம் வந்து என் உதட்டில் விழுகிற இடமாகப் பார்த்து நின்றேன்.

"எல்லா மெஷினும் நின்னாச்சு. மணியும் அடிக்கலை. இப்பவும் ஏதாவது சத்தம் கேட்கிறவங்க விரலைத் தூக்குங்க" என்றேன். தாடையை ஆட்டாமல் நின்றேன்.

முதலில் வானொலி தூக்கினான். அவனுக்கு அன்று பேச்சே வரவில்லை. பிறகு அவன் பக்கத்தில் இருந்தவர், பிறகு வரிசையாக எல்லோரும். சூப்பர்வைசர் யாரையும் பார்க்காமல் தன் விரலைத் தூக்கினார். புதுப் பெண் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, மிரண்டு போய் எங்களையே பார்த்தாள். தம்பி என் கையைப் பிடித்தான். அவனுடைய இன்னொரு கையின் விரல் மேலே இருந்தது.

என்னுடையதும்தான்.